ஈரம் தங்காத கண்கள்

கண் பரிசோதனை அறையில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையை நான் கீழ்வரிசை வரை தடங்கலின்றி வாசித்துவிடுவேன். வலது கண், இடது கண் இரண்டுக்கும் 6/6. பார்வை நன்றாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். சொன்னது உண்மைதான். ஆனால் அந்தப் பலகையை வாசிக்க அரை நிமிடம் போதும். என் தொழில் கண்ணிடம் கேட்பது எட்டு மணித்தியாலம். அந்த அரை நிமிடத்துக்கும் இந்த எட்டு மணித்தியாலத்துக்கும் நடுவில்தான் என் நோய் குடியிருக்கிறது.

கண்டியில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்கள், காணி உறுதிகள், நீதிமன்றக் கட்டளைகள் என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வருபவற்றைத் தமிழாக்குகிறேன். தமிழில் வருபவற்றை மற்ற இரண்டுக்கும் மாற்றுகிறேன். கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவைத் தோட்டங்களிலிருந்து விடியலில் பஸ் ஏறி வருகிறவர்கள்தான் பெரும்பாலும் என் மேசைக்கு முன்னால் உட்காருவார்கள். பொலித்தீன் பைக்குள்ளிருந்து அவர்கள் எடுக்கும் தாள்கள் மடித்து மடித்து மடிப்புகளில் எழுத்துத் தேய்ந்தவை. குடியுரிமை குறித்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தக் காலத்துக் காகிதங்களும் இன்னும் வருகின்றன. எப்போதோ ஒரு பதிவாளர் அவசரமாகக் கிறுக்கிய பெயர் ஒன்றில் செல்லாயி, இன்னொன்றில் செல்லம்மா, அடையாள அட்டையில் வேறொன்று. ஊழியர் சேமலாப நிதிப் பணம் அந்த ஓரெழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். அது 'யி'யா 'மா'வா என்று உற்றுப் பார்த்தாக வேண்டும். உற்றுப் பார்க்கிற கண் இமைக்க மறந்துவிடுகிறது.

சாதாரணமாக நிமிடத்துக்கு 15 தொடக்கம் 20 தடவை இமைக்கிறோம். வாசிக்கும்போதும் திரையைப் பார்க்கும்போதும் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இமைத்தாலும் மேலிமை முழுதாகக் கீழே வந்து மூடுவதில்லை, பாதியில் திரும்பிவிடும். காலையில் முதல் மணித்தியாலம் எனக்குச் சொந்தம். பிறகு வரிகளின் விளிம்பு கரையத் தொடங்கும். இறுக மூடித் திறந்தால் எழுத்து மீண்டும் தெளியும், சில விநாடிகளுக்கு. மறுபடியும் கரையும். பதினொரு மணியாகும்போது கண்ணுக்குள் மணல் கிடக்கிற உணர்வு. அதற்கும் பிறகு எரிச்சல். எரிச்சல் முற்றி ஒரு காந்தல். வெளிச்சத்தின் மீது வெறுப்பு. சாயங்காலம் யாராவது பேசிக்கொண்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டே பதில் சொல்வேன். கேட்பவருக்கு அது அலட்சியமாகத் தெரியும்.

எனக்கு அதிகம் விளங்கப்படுத்த வேண்டியிருப்பது இன்னொன்று. கண் காய்ந்துபோன எனக்குக் கண்ணீர் வழிகிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கன்னம் நனைந்துவிடும். பக்கத்திலிருப்பவர் நான் அழுவதாக நினைத்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். உலர்ந்த கண்ணில் நீர் எப்படி ஓடும்? கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் ஈரப்படலத்தின் தடிப்பு சுமார் 3 மைக்ரோமீற்றர். ஒரு தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கு இருக்கும். கண்ணோடு ஒட்டியபடி ஒரு சளிப்படிவு, நடுவில் உப்பும் புரதமும் கலந்த நீர், மேலே மிக மெல்லிய எண்ணெய். அந்த எண்ணெயைத் தருபவை இமை விளிம்பில் வரிசையாக நிற்கும் நுண்சுரப்பிகள். மேலிமையில் 25 முதல் 40 வரை, கீழிமையில் 20 முதல் 30 வரை. ஹைன்ரிக் மைபோம் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1666இல் அவற்றைப் பற்றி எழுதினார்; அவர் பெயரையே இன்றும் அவை சுமக்கின்றன. இந்தச் சுரப்பிகள் அடைத்துக்கொண்டால் எண்ணெய் குறையும். எண்ணெய் குறைந்தால் நீர் ஆவியாகும். படலம் அங்கங்கே கிழியும். கிழிந்த இடத்தில், கருவிழிக்கு முன்னால் கண்ணாடிபோல் இருக்கும் விழிவெண்படலத்தின் நரம்பு நுனிகள் காற்றுக்கு வெறுமையாக நிற்கும். உடம்பிலேயே நரம்பு மிகச் செறிந்த இடங்களில் அது ஒன்று. அவை அலறும், மூளை பதறிப்போய் வெள்ளமாக நீரை அனுப்பும். அந்த வெள்ளத்தில் எண்ணெயுமில்லை, தங்கும் தன்மையுமில்லை. வழிந்து போகும், கண் முன்புபோலவே காயும்.

ஒரு கண்ணில் எந்நேரமும் நிற்கும் நீரின் அளவு சுமார் 7 மைக்ரோலீற்றர். குப்பியிலிருந்து விழும் ஒரு சொட்டு மருந்து 30 முதல் 50 மைக்ரோலீற்றர். ஒரு சொட்டே கண் கொள்ளாதது. இரண்டு மூன்று சொட்டு விட்டுக் கன்னத்தைத் துடைப்பவர்களிடம் இதைச் சொல்லத் தோன்றும். அந்த 7 மைக்ரோலீற்றரை நம்பித்தான் நாம் வாசிக்கிறோம், தைக்கிறோம், வாகனம் ஓட்டுகிறோம். விழிவெண்படலத்தில் இரத்தக்குழாய் கிடையாது. ஒட்சிசன் கூட இந்த ஈரத்தில் கரைந்துதான் அதற்குப் போய்ச் சேர்கிறது.

கண்டியில் இருந்துகொண்டு கண் காய்கிறது என்றால் வெளியூர்க்காரர் நம்புவதில்லை. ஆண்டுக்குச் சுமார் 2000 மில்லிமீற்றர் மழை, மகாவலி ஊரைச் சுற்றி வளைந்து ஓடுகிறது, நடுவில் வாவி, மேலே உடவத்தகலைக் காடு. சுவரில் பாசி பிடிக்கிற ஊரில் கண்ணுக்கு மட்டும் என்ன வறட்சி? ஆனால் இந்த ஊரின் காற்றை இங்கே தினமும் நடப்பவர்தான் அறிவார். சுற்றிலும் மலை, நடுவில் பள்ளம். காலையில் குளிர்காற்று பள்ளத்தின் அடியில் படுத்துக்கொள்ள, மேலே இளஞ்சூடான காற்று மூடிபோட்டுவிடும். பாடசாலை தொடங்கும் நேரத்துக்குக் கட்டுகஸ்தோட்டையிலிருந்தும் பேராதனையிலிருந்தும் குண்டசாலையிலிருந்தும் வரும் வாகனமெல்லாம் ஒன்றாக ஊருக்குள் நுழைந்து ஊர்ந்து, டீசல் புகையை அந்த மூடிக்குக் கீழே விட்டுவிடுகின்றன. புகை எங்கும் போவதில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தார் பல ஆண்டுகளாக அளந்து எச்சரித்து வந்த விஷயம் இது. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் மழையும் நின்று, பகல் வெயில் காய்ச்சும்போது என் கண்கள் மிக மோசமாகிவிடும். ஜூலையில் தென்மேற்குக் காற்று. அதைத் தொடர்ந்து எசல பெரஹரா. தேங்காய்ச் சிரட்டையோடு கொப்பரை எரியும் தீப்பந்தங்கள் வரிசையாகத் தலதா வீதியில் வரும் அழகைச் சிறுவயதில் பாயில் உட்கார்ந்து விடியவிடியப் பார்த்தவள் நான். இப்போது அந்த எண்ணெய்ப் புகை வரும் திசைக்கு முதுகைக் காட்டி நிற்கிறேன். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நாட்களில் கொழும்பு, யாழ்ப்பாணம், கண்டி எல்லாம் புகைமூட்டத்தில் கிடந்தபோது, வீட்டுக் கதவு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு ஈரத்துணியைக் கண்மேல் போட்டுப் படுத்திருந்தேன்.

அந்த ஆண்டை இந்த நோயோடு கடந்தவர்களுக்கு வேறொரு நினைவும் இருக்கும். பொருளாதார நெருக்கடியில் சமையல் எரிவாயு இல்லை. நகரத்து மாடிவீடுகளில் கூட விறகடுப்பு மூட்டினார்கள். மண்ணெண்ணெய் வரிசை. மார்ச் மாத முடிவில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சான்றிதழ் வாசித்தேன். அடுப்படிப் புகை கூடத்துக்கு வந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எனக்கு நெருக்கடிக் காலத்தில் வந்து சேர்ந்த இந்தப் புகை, தோட்டத்து லயத்தில் பிறந்த பெண்ணுக்கு வாழ்நாள் முழுவதும் இருப்பது. புகைபோக்கி இல்லாத சமையல் மூலை, ஈர விறகு, குனிந்து ஊதுகிற முகம். நான் ஒரு வருடம் பட்டதை அவள் எட்டு வயதில் தொடங்கியிருக்கிறாள்.

உலர்கண்ணை அளக்க உலகமெங்கும் பயன்படும் கேள்வித்தாள் ஒன்று உண்டு. 1990களில் அமெரிக்காவில் உருவானது, 12 கேள்விகள். வாசிக்கும்போது சிரமமா, இரவில் வாகனம் ஓட்டும்போது சிரமமா, கணினி, தொலைக்காட்சி பார்க்கும்போது சிரமமா என்று கேட்கும். காற்றடிக்கும் இடத்தில், வறண்ட இடத்தில், குளிரூட்டிய அறையில் கண் எப்படியிருக்கிறது என்றும் கேட்கும். நல்ல கேள்விகள். விறகுப் புகையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. மலைநாட்டுக்கு ஒரு கேள்வித்தாள் எழுதச் சொன்னால் நான் இப்படிக் கேட்பேன்: அடுப்பு மூட்டும்போது எத்தனை தடவை வெளியே எழுந்து போகிறீர்கள்? கொழுந்து எடுக்கும்போது வியர்வை கண்ணில் இறங்கினால் எதனால் துடைக்கிறீர்கள்? தையல் யந்திரத்தில் ஊசிக்கு நூல் கோக்க எத்தனை முறை எத்தனிக்கிறீர்கள்? இரவில் எதிரே வரும் லொறியின் விளக்கு எவ்வளவு நேரம் கண்ணை விட்டுப் போகாமல் நிற்கிறது?

பெரியம்மாவின் மகள் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் சலிக்கிற பகுதியில் வேலை செய்தவர். லூல்கந்துரவில் 1867இல் தேயிலை தொடங்கிய மாவட்டம் இது. இங்கே எந்தக் குடும்பத்துக்கும் ஒரு ஸ்டோர்க்கதை இருக்கும். வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, சூட்டில் காயவைத்த தூள் சலிப்பு யந்திரத்துக்கு வரும்போது அதிலிருந்து பஞ்சுபோன்ற மெல்லிய தூசி எழும்பும். கொழுந்தின் பின்புற ரோமம்தான் அது. இலங்கையின் மார்புநோய் மருத்துவர் உறகொட 1970இல் பிரித்தானிய மருத்துவ ஏடொன்றில் தேயிலைத் தொழிற்சாலைக்காரரின் ஆஸ்துமாவைப் பற்றி எழுதினார். அந்தத் தூசியால் மூச்சு இளைப்பதை மருத்துவ உலகம் அப்படித்தான் அறிந்துகொண்டது. மூக்கில் ஏறுகிற தூசி கண்ணுக்கும் வராமல் இருக்காது. தன் கண்ணெரிச்சலைப் பற்றி அக்கா என்னிடம் சொன்னார்:

"அடுப்புப் புகைதான் காரணம்னு டிஸ்பென்சரில சொன்னாங்க. சரின்னு கேட்டுக்கிட்டேன். ஆனா ஸ்டோருக்குள்ள அடுப்பில்லியே புள்ள, அங்க இன்னும் கூடத்தான எரியுது?"

தன் நோயை அவர் சரியாகவே கவனித்திருந்தார். அதை எழுதிக்கொள்ள எதிரில் யாரும் இருக்கவில்லை. பல்லேகலைக் கைத்தொழிற்பேட்டையின் ஆடைத் தொழிற்சாலைகளில் தைக்கிற இளம்பெண்களையும் இதோடு சேர்த்து நினைக்கிறேன். நூல் பஞ்சு, விசிறிக்காற்று, வெள்ளை வெளிச்சம், மணித்தியாலத்துக்கு இத்தனை உருப்படி என்ற கணக்கு. இமைக்கிற நேரத்தைக் கூட அந்தக் கணக்கிலிருந்து திருடியாக வேண்டும்.

இந்த நோயின் கொடுமை ஒன்றைச் சொல்ல வேண்டும். வருத்தத்தின் அளவும் கண்ணில் தெரியும் அடையாளத்தின் அளவும் ஒத்துப்போவதில்லை. கண் சிவந்து கிடப்பவருக்கு ஒன்றும் தெரியாமலிருக்கலாம். வெளியே வெண்மையாக இருக்கும் கண்ணுக்குள் தீ எரிந்துகொண்டிருக்கலாம். 2003இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. நோய் நீங்குவதற்காக வாழ்நாளில் எவ்வளவை விட்டுக்கொடுப்பீர்கள் என்ற முறையில் நோயாளரைக் கேட்டார்கள். கடுமையான உலர்கண் உள்ளவர்கள் சொன்ன கணக்கு, கடுமையான நெஞ்சுவலிக்காரர்கள் சொன்ன கணக்கோடு ஒத்திருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்தால் ஊரே எழுந்து நிற்கும். கண்ணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், அதிகமாக போன் பார்க்கிறாய் என்பார்கள்.

எழுத்துப் பலகை சொல்லாததைச் சொல்லும் சோதனைகள் இருக்கின்றன, பழையவை, செலவு குறைந்தவை. ஓட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மானியர் 1903இல் விவரித்தது ஒன்று. சிறு வடிதாள் கீற்றைக் கீழிமையில் கொளுவி 5 நிமிடம் கண்மூடியிருக்கச் சொல்வார்கள். 10 மில்லிமீற்றருக்கு மேல் நனைந்தால் போதிய நீர் உண்டு. 5க்குக் கீழே என்றால் கடும் வறட்சி. இன்னொன்றில் செம்மஞ்சள் சாயம் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். கண் முழுவதும் பச்சையாக ஒளிரும். இமைக்காமல் இருக்க, பச்சைக்குள் கரும்புள்ளிகள் தோன்றும். 10 விநாடிக்குள் தோன்றினால் படலம் நிலைக்கவில்லை என்று பொருள். நமது அரச வைத்தியசாலைக் கண் கிளினிக்குகளில் காலை ஆறு மணிக்கே இலக்கத் துண்டுக்கு வரிசை நிற்கிறது. கண்புரை, நீரிழிவு, கண்ணழுத்தநோய் என்று பார்வை பறிபோகும் ஆபத்தில் இருப்பவர்கள் அங்கே நிறைந்திருக்கிறார்கள். அவர்களை முதலில் பார்ப்பதுதான் நியாயம். ஒரு பணமும் வாங்காமல் பார்க்கும் அந்த வைத்தியர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஷிர்மர் தாளுக்குத் தேவையான 5 நிமிடம் அந்த நெரிசலில் பெரிய சொத்து. நோயாளி தமிழில் மட்டும் பேசுபவர், வைத்தியர் சிங்களத்தில் மட்டும் பேசுபவர் என்றால் நிலைமை இன்னும் இறுகும். சோதனைக்கு முன்னால் இந்த நோய்க்குச் சாட்சி நோயாளியின் பேச்சு ஒன்றே. நடுவில் ஓர் உதவியாளர் அதை 'கண் வலியாம்' என்று சுருக்கிவிட்டால், எந்த நேரத்தில், எதனால், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் கிளினிக் கொப்பியில் ஏறாமலே போகும்.

உலர்கண் தனியாகவும் வரும். வேறொன்றின் நிழலாகவும் வரும். சுவீடனின் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933இல் தமது ஆய்வேட்டில், கண்ணும் வாயும் ஒன்றாக உலர்ந்து மூட்டுகளும் வலிக்கும் பெண்களைப் பற்றி விவரித்தார். உடம்பின் எதிர்ப்பாற்றலே தன் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோய் அது. அது வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். டென்னிஸ் வீராங்கனை வீனஸ் வில்லியம்ஸ் 2011இல் அமெரிக்க ஓப்பன் போட்டியிலிருந்து விலகி, தனக்கு இந்த நோய் இருப்பதாக அறிவித்தார். களைப்பு, மூட்டுவலி என்று அவர் பல காலம் முறையிட்ட பிறகே பெயர் தெரிந்தது. ஆகவே, வாய் காய்ந்து, உணவு விழுங்கத் தண்ணீர் தேவைப்பட்டு, விரல் மூட்டும் வீங்கும் பெண் யாராவது கண்ணெரிச்சலைப் பற்றிச் சொன்னால், சொட்டு மருந்தோடு அனுப்பிவிடாமல் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மாதவிடாய் நின்ற வயது, வாதமூட்டழற்சி, தடிமனுக்கும் அலர்ஜிக்கும் விழுங்கும் மாத்திரைகள், சில மனநல மருந்துகள், கண்ணாடியைக் கழற்ற வைக்கும் லேசர் சிகிச்சை இவையெல்லாம் கண்ணை உலர்த்தக்கூடியவை. எனக்கு முதல் காரணம் வயது, இரண்டாவது தொழில்.

மருந்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் கசப்பு வந்துவிடும், இருந்தாலும் சொல்கிறேன். செயற்கைக் கண்ணீர் என்பது பெரும்பாலும் உப்புநீரில் வழுவழுப்பான ஒரு பொருளைக் கலந்தது. குணப்படுத்தாது, சில மணித்தியாலம் கடன் கொடுக்கும். கிருமி வளராமல் குப்பியில் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைட் என்ற காப்புப்பொருள், நாளுக்கு நாலு தடவைக்கு மேல் விடுகிறவர்களின் கண்மேற்பரப்பை மெல்ல அரிக்கும். அதனால் எங்களுக்குக் காப்புப்பொருள் இல்லாத, ஒரு தடவை விட்டு எறியும் சிறு குழாய்கள் வேண்டும். விலை அதிகம். ரூபாய் விழுந்த 2022க்குப் பிறகு இன்னும் அதிகம். அந்த மார்ச் மாத முடிவில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளையே நிறுத்தி வைத்தது. அறுவைக்கே மருந்தில்லாத நாளில் கண்ணுக்கு ஈரம் கேட்க எனக்கு நா எழவில்லை.

மறுவருடம் அச்சமும் சேர்ந்தது. சென்னைக்கு அருகே தயாரித்து அமெரிக்காவில் எஸ்ரிகேர் முதலிய பெயர்களில் விற்ற செயற்கைக் கண்ணீரில் மருந்துக்கு அடங்காத சூடோமோனாஸ் கிருமி புகுந்திருந்தது. 18 மாநிலங்களில் 81 பேர் நோயுற்றனர். 14 பேர் பார்வை இழந்தனர். நாலு பேருக்குக் கண்ணையே அகற்ற வேண்டியிருந்தது. நாலு பேர் இறந்தார்கள். கண் காய்கிறதென்று சொட்டு விட்டவர்கள் அவர்கள், என்னைப்போல. அதே 2023 ஏப்ரலில் இங்கே நுவரெலியா உட்படச் சில அரச வைத்தியசாலைகளில், கண்புரை அகற்றிய நோயாளருக்கு விட்ட குஜராத் தயாரிப்பு ஸ்டீராய்ட் சொட்டுமருந்தால் தொற்று ஏற்பட்டுச் சிலர் பார்வை இழந்தார்கள். அதற்குப் பிறகு பல மாதம் குப்பியைத் திறக்கும்போதெல்லாம் என் கை தயங்கியது. சுத்தமாகத் தயாரிப்பதும் அதைச் சோதித்து உள்ளே விடுவதும் அரசுகளின் வேலை. நோயாளி கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதது அது.

சிவந்த கண்ணை உடனே வெளுக்கவைக்கும் சொட்டுகள் இன்னொரு ஆபத்து. இரத்தக்குழாயைச் சுருக்கி வெண்மை காட்டும். விடுவதை நிறுத்தியதும் முன்னைவிடச் சிவக்கும். மருந்துக்கடையில் வாய்ச்சொல்லுக்கு வாங்கும் ஸ்டீராய்ட் சொட்டு இதைவிடப் பொல்லாதது, மாதக்கணக்கில் விட்டால் கண்ணழுத்தநோயும் கண்புரையும் வரலாம். வீட்டு வைத்தியத்தில் நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் வைப்பது குளிர்ச்சி தருகிறது. மூடிய இமைக்கு மேலே இருக்கும்வரை யாருக்கும் கேடில்லை. பூச்சாற்றையும் தாய்ப்பாலையும் கண்ணுக்குள் பிழிவது கிருமியை அழைப்பதாகும். பொன்னாங்கண்ணி சாப்பிடு என்று எல்லாரும் சொல்வார்கள், கண்டிச் சந்தையில் அது இல்லாத நாளில்லை, நானும் விரும்பிச் சாப்பிடுகிறேன். உயிர்ச்சத்து ஏ குறைந்து குழந்தைகளுக்கு வரும் கண் வறட்சிக்குக் கீரை காப்பு. என்னுடைய வறட்சி வேறு வகை. மீனெண்ணெய் மாத்திரையை எவ்வளவோ பேர் சிபாரிசு செய்தார்கள். 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 535 பேர் ஒரு வருடம் மீனெண்ணெயோ ஒலிவ் எண்ணெயோ விழுங்கினார்கள். இரு சாராருக்கும் ஒரே அளவு சுகம்தான். எனக்கு உதவுவது மலிவானது: சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் மூடிய இமையில் வைத்து, பிறகு இமை விளிம்பை மெல்ல நீவி, அடைத்த எண்ணெயை இளகச் செய்வது. காலையும் இரவும், தவறாமல்.

செத்தவீடுகளைப் பற்றியும் எழுதாமல் முடியாது. கட்டிப்பிடித்து அழுவது எங்கள் வழக்கம். தப்புச் சத்தம் லயத்தின் வாசலுக்கு வரும்போது பெண்கள் கூட்டமாக விழுந்து அழுவார்கள். கடும் ஷோக்ரன் நோயில் துக்கக் கண்ணீரும் வற்றிவிடும். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனாலும் வருவது குறைவு, வந்தால் எரிவது அதிகம். சித்தப்பா போன அன்று நெஞ்சு வெடிக்க உட்கார்ந்திருந்தேன். கண் காய்ந்து கிடந்தது. நகரத்தில் இருந்து மனசு கல்லாகிவிட்டது என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி முதன்முதல் கண்டியைக் காட்டியவர் அவர். துக்கத்தைக் கண்ணீரால் அளக்கிற சபையில் உலர்ந்த கண்ணோடு உட்கார்ந்திருப்பது இந்த நோய் எனக்குத் தந்த பெரிய தனிமை. ஒரு பெண் அழவில்லை என்றால் அவளுக்கு வலிக்கவில்லை என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம்.

இப்போது வேலையை வேறு மாதிரி வகுத்துக்கொண்டேன். மங்கிய கையெழுத்துக்குக் காலை. அப்போதுதான் கண் புதிது. பத்து மணிக்குமேல் தட்டச்சுப் பிரதிகள். திரையைக் கண்மட்டத்துக்குக் கீழே தாழ்த்தியிருக்கிறேன். கீழ்நோக்கிப் பார்க்கும்போது கண் குறைவாகத் திறக்கிறது, ஈரம் மிஞ்சுகிறது. விசிறி முகத்துக்கு நேராக இல்லை. ஒவ்வொரு பந்தி முடிவிலும் பேனாவை வைத்துவிட்டு இமை இரண்டும் தொடும்படி மூடித் திறக்கிறேன். பிற்பகலில் வாடிக்கையாளரையே வாசிக்கச் சொல்கிறேன். எழுதப் படிக்கத் தெரிந்த மகளோ பேரனோ கூட வந்திருப்பார். அவர் வாசிக்க, நான் கண்மூடிக் கேட்டு வாயால் மொழிபெயர்க்க, தொலைபேசி அதை எழுத்தாக்கும். ஒரு நாள் அப்படி வாசித்துக்கொண்டிருந்த சிறுவன் தன் பாட்டியின் பிறந்த திகதியை அன்றுதான் தெரிந்துகொண்டான். வேகம் குறைந்தது, வருமானமும் குறைந்தது. பிழைகள் குறைந்ததும் உண்மை: காதால் கேட்கும்போது பெயர் மாறினால் உடனே தட்டுகிறது.

இழந்ததையும் சொல்லிவிட வேண்டும். இரவு வாசிப்புப் போய்விட்டது. சித்திலெப்பை இந்த ஊரில் வாழ்ந்து 1885இல் அசன்பே சரித்திரத்தை வெளியிட்டார். ஈழத்தின் முதல் தமிழ் நாவலை எழுதியவரின் ஊர்க்காரி நான் என்ற பெருமையில், இலங்கை நாவல்கள் எல்லாவற்றையும் ஓய்வுக் காலத்தில் வரிசையாக வாசிப்பதென்று அலுமாரியில் சேர்த்துவைத்தேன். அவை அங்கேயே இருக்கின்றன. வாசிக்க முடிகிற ஒரு மணித்தியாலத்தைச் சோற்றுக்குக் கொடுப்பதா புத்தகத்துக்குக் கொடுப்பதா என்று தினமும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் சோறுதான் வெல்கிறது. அதில் எனக்குத் துக்கம் உண்டு, மறைக்க மாட்டேன்.

இந்த நாடு கண்ணுக்குச் செய்தது சிறிதல்ல. ஹட்சன் சில்வா 1958இல் மருத்துவ மாணவராக இருந்தபோதே பத்திரிகையில் கண்தானம் கேட்டு எழுதினார். 1961இல் கண்தானச் சங்கம் பிறந்தது. 1964இல் இலங்கையரின் விழிவெண்படலங்கள் சிங்கப்பூருக்குப் போயின. அன்றிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் முகம் தெரியாதவர்கள் அவற்றால் பார்க்கிறார்கள். எனக்கு இதில் பெருமிதம் உண்டு; நானும் கையெழுத்திட்டிருக்கிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்வேன். கடுமையாக உலர்ந்த கண்ணில் பொருத்திய விழிவெண்படலம் பெரும்பாலும் தோற்றுவிடுகிறது. தானமாக வந்த கண்ணும் அந்த மூன்று மைக்ரோமீற்றர் ஈரமில்லாமல் நிலைப்பதில்லை. இறந்தவரின் கண்ணை இத்தனை அக்கறையோடு காத்த நாடு, உயிரோடிருப்பவரின் கண்ணீரையும் அதே அக்கறையோடு பார்க்கும் என்றுதான் நம்புகிறேன்.

கேட்பது பெரிதில்லை. காப்புப்பொருள் இல்லாத கண்ணீர்க் குழாய்கள் தோட்டத்து டிஸ்பென்சரி வரை இலவசமாக வந்து சேரட்டும். சலிப்பறையில் தூசியை உறிஞ்சி வெளியேற்றும் விசிறிகளும் வேலை செய்பவர்களுக்குக் காப்புக் கண்ணாடியும் கட்டாயமாகட்டும். புதிதாகக் கட்டித்தரும் தோட்ட வீடுகளில் புகைபோக்கியில்லாத சமையலறையை யாரும் ஏற்க வேண்டாம். ஆடைத் தொழிற்சாலையில் மணித்தியாலத்துக்கு இரண்டு நிமிடம் கண்ணை மூடியிருக்க அந்தப் பெண்களுக்கு உரிமை கொடுங்கள். கிளினிக்கில் தமிழ் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். உங்கள் வீட்டில் பார்வை நன்றாக இருக்கும் ஒருவர் கண்ணைத் திறந்துவைக்க முடியவில்லை என்று சொன்னால், அவரை நம்பி, விளக்கைக் கொஞ்சம் தணித்துவிடுங்கள்.